அட்டையில்லாத நாவல்

அந்த நாளிதழில் பிழை திருத்துபவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒற்று என்பார்கள். மற்றவர்கள் எழுதும்போது விட்டுவிடுகிற க், ச், த், ப் நான்கையும் இருபத்திரண்டு வருடங்களாகச் சிவப்பு மையால் உரிய இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்ததற்குக் கிடைத்த பட்டம். புதிதாகச் சேர்ந்தவர்கள் மரியாதைக்காக ஒரு சாரைச் சேர்த்து ஒற்று சார் என்பார்கள். எட்டு மேசைக்கு அப்பாலிருந்து "ஒற்று சார், இங்க மிகுமா மிகாதா?" என்று கேட்டால் தலையைத் தூக்காமலே "மிகாது" என்று பதில் வரும். அதைத் தாண்டி அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு. ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரே அறை.

அவர் ஒரு காலத்தில் நாவல் எழுதியவர் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியும்படி எதுவும் நடக்கவுமில்லை. இருபத்தாறு வயதில் எழுதிய நாவல் அது. ஐந்நூறு பிரதி அச்சடித்தார்கள். கொஞ்சம் நூலகங்களுக்குப் போனது; மீதி, பதிப்பாளரின் கிடங்கில் மழைத்தண்ணீர் புகுந்தபோது ஊறிக் கூழானது. ஒரே ஒரு மதிப்புரை வந்தது. அதிலும் கதாநாயகனின் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அதன் பிறகு அவர் எழுதவில்லை. பிறர் எழுதியதைத் திருத்த வந்து சேர்ந்தார்.

ஒவ்வொரு வருடமும் கோடை தொடங்கும்போது ஞாயிறு இணைப்பில் 'கோடைக்கு ஒரு கதை' என்று ஒரு முழுப் பக்கம் வரும். விடுமுறையில் படிக்கத் தங்களுக்குப் பிடித்த நாவலை வாசகர்கள் சொல்ல வேண்டும். கடிதங்கள் குவிந்துவிடும். ஒரு முடிதிருத்துநர், தன் கடையில் காத்திருப்பவர்களுக்காக வைத்த துப்பறியும் நாவலை முடிக்காமல் யாருமே எழுந்து போவதில்லை என்று புகார் போலவே பரிந்துரை எழுதியிருந்தார். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், மாமியாரும் தானும் ஒரே நாவலை மாற்றி மாற்றிப் படிப்பதாகவும் அதனால் சண்டைக்கு நேரமில்லை என்றும் எழுதியிருந்தாள். லாரி ஓட்டுநர் ஒருவர் சொன்ன நாவல் அறுநூறு பக்கம். படித்துக் களைத்தால் தலைக்கு வைத்துக்கொள்ளவும் தோது என்று காரணம் காட்டியிருந்தார். ஒற்று எல்லாவற்றையும் படித்தார். சிரிப்பு வந்த இடத்திலும் முகம் மாறாமல் ஒற்றுப் போட்டார்.

அந்த வருடம் பன்னிரண்டாவதாக வந்த கடிதம் கோடு போட்ட நோட்டுத்தாளில் இருந்தது.

'ஐயா, நான் ரயில்வே கேட்டில் வேலை பார்க்கிறேன். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே நாற்பது நிமிடம் கிடைக்கும். அதில் படிப்பேன். நான் சொல்ல போகும் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. முன்னால் நாலு பக்கமும் இல்லை. பின்னால் எத்தனை இல்லை என்று தெரியாது. பேரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. ஒரு வீட்டில் மூத்த பையன் பாதி சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். அவன் அம்மா தினமும் அவனுக்கு ஒரு தட்டு வைக்கிறாள். தம்பிக்காரன் அதை பார்த்து பார்த்தே வளர்கிறான். அம்மா செத்த பிறகு தேடி போகிறான். கடைசியில் தூரத்து ஊர் ஒன்றில் ஒரு கதவை தட்டுகிறான். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. அதோடு என் புத்தகம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு கோடைக்கும் இதை எடுத்து படிப்பேன். ஒன்பது கோடையாக அந்த கதவு முன்னால் நிற்கிறேன். மீதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரியாதவர்கள் தேடி படியுங்கள்.'

ஒற்று பேனாவைக் கீழே வைத்தார். கடிதத்தை இரண்டாம் முறை படித்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே தன் நாவலின் பெயரைப் போட அந்தக் கால அச்சகத்தார் மறந்துபோனது நினைவுக்கு வந்தது. அப்போது அதற்காக அவர்களோடு சண்டை போட்டிருந்தார்.

இணைப்பின் பொறுப்பாசிரியை அந்தக் கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டாள். அவர் எழுந்து அவள் மேசைக்குப் போனார். அவர் எழுந்து வந்ததே அவளுக்குச் செய்தி.

"இதப் போடலாம்மா," என்றார்.

"சார், புத்தகத்துக்குப் பேர் இல்ல. எழுதினவர் பேர் இல்ல. முடிவும் இல்ல. படிச்சிட்டு ஜனங்க கடைக்குப் போய் என்னன்னு கேப்பாங்க?"

"மத்தவங்க சொன்னதெல்லாம் படிச்சு முடிச்ச புத்தகம். இவங்க ஒருத்தங்கதான் இன்னும் படிச்சிட்டே இருக்காங்க."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நான்கு வருடத்தில் மிகும், மிகாது என்ற இரண்டைத் தவிர அவரிடமிருந்து வேறு அபிப்பிராயம் வந்ததில்லை. "சரி, கீழ ஓரமா ஒரு கட்டத்துல போடறேன். ஒற்று மட்டும் பாத்துடுங்க சார், நிறைய விட்டிருக்காங்க," என்றாள். அவர் உட்கார்ந்து அத்தனையையும் போட்டார். வேலை வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை பக்கம் வெளிவந்தது. யாரிடமிருந்தும் பதில் வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் தினம் காலையில் தபால் கட்டைப் பிரிக்கும்போது எட்டிப் பார்த்தார். அந்தக் கதையின் முடிவு தெரிந்த ஆள் உலகத்தில் தான் ஒருவர்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததும், தன்னிடம் ஒரு பிரதிகூட இல்லை என்பது உறைத்தது. தங்கையிடம் ஒன்று உண்டு.

தங்கை பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். கோடை அவளுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். வீட்டின் முன் அறை முழுக்க நீலத் துணி. இரண்டு தையல் இயந்திரங்களில் ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த நாவல் உங்கிட்ட ஒண்ணு இருந்துச்சே," என்றார்.

இயந்திரம் நின்றது. "எதுக்குண்ணா இப்ப?"

"ஒருத்தங்க கேக்கறாங்க."

அவள் உள்ளே போய் வெகு நேரம் கழித்து வந்தாள். பழுப்புத்தாள் அட்டை போட்ட புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "திருப்பிக் குடுத்துடணும்," என்றாள்.

"நான் எழுதினதுதானே?"

"நீ எழுதினதுதான். ஆனா புத்தகம் என்னுது."

வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் இயந்திரத்தின் மேல் கிடந்த துணியை நேர்செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த நாள் அவருக்கு வார விடுமுறை. கடிதத்தில் இருந்த கேட் விலாசத்துக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து கடைசிப் பக்கங்களை மட்டும் புரட்டினார். முதல் பக்கத்தைத் திறக்க மனம் வரவில்லை. இருபத்தாறு வயதுக்காரன் அங்கே எக்கச்சக்கமாகப் பேசிக்கொண்டிருப்பான் என்று பயம். கடைசிப் பதினாறு பக்கத்தில் கதவு திறக்கிறது. திறப்பது வீட்டுக்காரக் கிழவர். இங்கே இருந்த பையன் போன மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனான் என்று சொல்லி ஒரு தகரப் பெட்டியைக் கொடுக்கிறார். தம்பி ஊர் திரும்புகிறான். அம்மா வைத்துப் பழகிய தட்டைக் கழுவி கவிழ்த்து வைக்கிறான். அந்தக் கடைசி வாக்கியத்தில் 'கழுவி'க்குப் பிறகு பென்சிலால் ஒரு க் போட்டிருந்தது. அந்த வயதிலேயே நமக்கு இந்தப் புத்தி வந்துவிட்டது போலிருக்கிறது என்று ஒற்று நினைத்துக்கொண்டார்.

கதையில் முக்கால்வாசி அவர் வீட்டில் நடந்ததுதான். அண்ணனுக்கு அப்போது இருபத்தொன்று. இரண்டாம் முறையும் தேர்வில் தோற்றிருந்தான். உறவினர்கள் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது அப்பா அவனைத் தண்டச்சோறு என்றார். அண்ணன் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு போனான். அம்மா ஏழு வருடம் தட்டு வைத்தாள். ஏழாவது வருடக் கடைசியில், வாசல் பக்கம் பார்த்தபடி போய்ச் சேர்ந்தாள். அதற்கும் அண்ணன் வரவில்லை. அந்தக் கோபத்தில் எழுதிய நாவல் அது.

கேட் ஊருக்கு வெளியே இருந்தது. தார்ச்சாலை தண்டவாளத்தைக் கடக்கிற இடம். பக்கத்தில் ஒரே ஜன்னல் உள்ள அறை, வெளியே ஒரு மர பெஞ்சு, வேப்பமர நிழல். கேட்கீப்பர் ஐம்பதை ஒட்டிய பெண்மணி. சீருடைச் சட்டையின் பையில் விசில் தொங்கியது. அவர் போய்ச் சேர்ந்தபோது இரும்புக் கைப்பிடியைச் சுற்றிக் கேட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். காத்திருந்த வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போய் முடிந்ததும், உள்ளே போய்ப் பதிவேட்டில் நேரத்தை எழுதிவிட்டு வந்தாள்.

"பேப்பர் ஆபீஸ்லேர்ந்து வரேன். உங்க லெட்டர் விஷயமா," என்றார்.

"மீதி கிடைச்சிடுச்சா?"

"நான்தான் அத எழுதினேன்."

அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உள்ளே போய், சுவர்ப் பலகையில் சிவப்பு, பச்சைக் கொடிகளுக்குக் கீழே அடுக்கியிருந்த புத்தகங்களிலிருந்து தன் பிரதியை எடுத்து வந்தாள். நூல் கோத்துத் தைத்து, சணல் பை வெட்டி அட்டை போட்டிருந்தாள். எங்கேயோ ஒரு பக்கத்தைத் திறந்து, "அந்தத் தம்பி சைக்கிள் கத்துக்கறப்ப எங்க விழுவான்?" என்று கேட்டாள்.

"கிணத்தடிச் சேத்துல."

அவள் மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். "கதவைத் தொறந்தது அண்ணன்தானே?"

வழி முழுக்க இந்தக் கேள்விக்கு ஒரு பதில் யோசித்து வைத்திருந்தார். பக்கங்களைக் கொடுத்துவிட்டு, நீங்களே படியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவது. ஆனால் அவள் கேட்ட விதத்தில் அது வாயில் வரவில்லை. "இல்லம்மா," என்றார். "செத்துட்டான்னு எழுதியிருக்கேன்."

உள்ளே தொலைபேசி மணி அடித்தது. அவள் போய் எடுத்து, சரி சரி என்றாள். வெளியே வந்து கைப்பிடியைச் சுற்றிக் கேட்டை இறக்கினாள். பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு நின்றாள். சரக்கு வண்டி ஒன்று நாற்பது பெட்டிகளோடு நிதானமாகக் கடந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை அவள் திரும்பவே இல்லை. எல்லா வேலையும் முடித்து, பதிவேட்டிலும் எழுதிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுதறப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"அதான். அந்த வயசுல யாரை வேணா சாகடிச்சிடலாம்." கோபமாகச் சொல்லவில்லை. "நெஜமாவே உங்க அண்ணனா?"

"ஆமா."

"நெஜத்துலயும் செத்துட்டாரா?"

"தெரியாது."

"தெரியாமலேவா சாகடிச்சீங்க?"

அவள் சாலையைப் பார்த்தபடி பேசினாள். "எங்க வீட்டுக்காரர் வேலைக்குன்னு போய்ப் பதினோரு வருஷம். நாலு தடவை மாத்தல் வந்துச்சு. நல்ல நல்ல ஊரு. வேணாம்னுட்டேன். அவருக்குத் தெரிஞ்ச விலாசம் இந்த கேட்தான். இந்தப் புத்தகம் கெடைச்சப்ப, இத எழுதினவருக்கு இதெல்லாம் தெரியும்னு நெனைச்சேன்."

"தெரிஞ்சது அம்மாவுக்கு," என்றார் ஒற்று. "நான் பக்கத்துல உக்காந்து பாத்தவன்."

அவள் தன் பிரதியை மூடி மடியில் வைத்தாள். முடிவு வேண்டாம், தன் பிரதியில் இல்லாத முதல் நான்கு பக்கங்களை மட்டும் காட்டுங்கள் என்றாள். புத்தகத்தைக் கொடுத்தார். அவள் விரல் வைத்து, உதடு அசைய, அவசரமில்லாமல் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள்.

"பென்சில்ல எழுதியிருக்கறதும் நீங்களா?"

அவர் வாங்கிப் பார்த்தார். 'தோளில் சிவப்புப் பையோடு இறங்கினான்' என்று அச்சில் இருந்தது. சிவப்பை அடித்து, ஓரத்தில் 'பச்சை' என்று எழுதியிருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே 'மழை தூறிக்கொண்டிருந்தது'. ஓரத்தில், 'மழை இல்லை. நல்ல வெயில்'. அந்தப் பக்கத்தின் கடைசி வரி, 'யாரும் அவன் பின்னால் போகவில்லை' என்று முடிந்தது. அதன் அடியில் சின்ன எழுத்தில், சரியான இடத்தில் ஒற்றோடு இப்படி எழுதியிருந்தது: 'தங்கச்சி தெருமுனை வரை ஓடி வந்தாள். திரும்பிப் போகச் சொன்னேன்.'

முப்பத்தைந்து வருடமாகப் பார்க்காத கையெழுத்து. த-வின் வாலை நீளமாக இழுத்துவிடும் பழக்கம். சின்ன வயதில் அவருடைய கட்டுரை நோட்டில் தப்புத் திருத்திக்கொடுத்தது அந்தக் கைதான். பேருந்தில் தன்னுடையது என்று நினைத்த அந்த க் யாருடையது என்று அப்போது புரிந்தது. தான் செத்துப்போன கடைசிப் பக்கங்களில் அண்ணன் வேறு எதையும் மாற்றவில்லை. விட்டுப்போன எழுத்தை மட்டும் போட்டிருந்தான்.

"யாரு சார்?" என்றாள் கேட்கீப்பர்.

அவர் புத்தகத்தை மூடி, மறுபடி அதே பக்கத்தைத் திறந்தார். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் அவரைப் பார்த்ததும், புத்தகத்தைப் பார்த்ததும், கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். அண்ணனின் முதல் கடிதம் அம்மா இறந்த மறு வருடம் அவள் கல்லூரி விலாசத்துக்கு வந்ததாம். அம்மா போனது அவனுக்கு யார் மூலமோ தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வர முகமில்லை என்று எழுதியிருந்தானாம்.

"உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நல்ல நேரம் பாத்துட்டு இருந்தேன். அதுக்குள்ள நீ இந்தப் புத்தகத்தோட வந்து நின்னே. அதுல அவன் செத்தே போயிட்டான். அப்புறம் நான் எப்படிண்ணா சொல்றது?"

"அவனுக்கு அனுப்பினியா?"

"அனுப்பினேன். எங்கண்ணன் எழுதினதாச்சே, ரெண்டு பேருமே அண்ணன்தானே எனக்கு. மூணு மாசத்துல திரும்பி வந்துச்சு. கூட ஒரு துண்டுச் சீட்டு. நல்லா எழுதியிருக்கான், அவனுக்கு இதுதான் நிம்மதின்னா இப்படியே இருக்கட்டும்னு."

ஒற்று நீலத் துணி அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். துணி கசங்கும் என்று தங்கை சொல்லவில்லை.

"இப்ப எங்க இருக்கான்?"

"துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில இருந்தான். இன்ஜின் ரிப்பேர். வருஷத்துக்கு ரெண்டு லெட்டர் வரும். ஆறு வருஷமா வரல. நான் ரெண்டு தடவை எழுதினேன். பதில் இல்ல." அவள் குரல் தாழ்ந்தது. "போய்ப் பாக்க பயமா இருந்துச்சு. நீ எழுதின மாதிரியே யாராவது பெட்டியத் தூக்கிக் குடுத்துட்டா என்ன பண்றது?"

இரண்டாம் பக்கத்தைத் திறந்து பென்சில் வரியைப் பார்த்தார். பிறகு ஒற்று கேட்டார். "தெருமுனை வரைக்கும் ஓடினியா?"

"ம். செருப்பில்லாம ஓடிட்டேன். கால் சுட்டுச்சு."

நாவலில் அந்த வீட்டுக்குத் தங்கையே கிடையாது. ஏன் விட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். அவளுக்கு அப்போது பதினொரு வயது. அவள் கண்ணில் பட்டதை யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அன்று மாலை தன் அறையில் கடிதம் எழுத உட்கார்ந்தார். பத்துத் தாள் வீணானது. நியாயம் பேசியதைக் கிழித்தார். மன்னிப்புக் கேட்டதையும் கிழித்தார். அதில் வார்த்தைகள் அழகாக விழுந்திருந்தன, அதுவே பிடிக்கவில்லை. அம்மாவின் கடைசி நாளைப் பற்றி எழுதியதைப் பாதியில் நிறுத்தினார். கடைசியில் ஒரு பக்கத்துக்கும் குறைவாக நின்றது. நீ போட்ட திருத்தம் எல்லாம் சரி, பை பச்சைதான், இப்போது எனக்கும் ஞாபகம் வருகிறது. தங்கை சொன்னாள். மேல் விலாசத்தில் இருக்கிறேன். பகலில் அலுவலகம், ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். நீ வந்தால் நல்லது. வர முடியாவிட்டால் எழுது, நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். இவ்வளவுதான். மறுநாள் தங்கையும் அடியில் இரண்டு வரி எழுதினாள். அனுப்புநர் முகவரியைத் தெளிவாக, இரண்டு இடத்தில் எழுதித் தபாலில் சேர்த்தார்கள்.

அதன் பிறகு விடுமுறை நாள்களில் ஒற்று கேட்டுக்குப் போகத் தொடங்கினார். என்ன காரணம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. பத்தே முக்கால் பாசஞ்சர் போனதும் பெஞ்சில் இடம் கிடைக்கும். வண்டி இல்லாத நேரத்தில் இருவரும் ஆளுக்கொரு புத்தகம் படிப்பார்கள். தனக்குப் பிடித்த நாவல்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். எதைப் பற்றியும் நல்லாயிருக்கும் என்று மொட்டையாகச் சொல்லமாட்டாள். "இதுல ஒரு தபால்காரர் வருவார், அவருக்காகப் படிங்க" என்பாள். "இத வெயில் தாழ்ந்தப்புறம் படிங்க, மத்தியானத்துல படிச்சா எரிச்சல் வரும்" என்பாள்.

ஐந்தாவது வாரம் அவரைப் பார்த்ததும் கேட்டாள். "லெட்டர் திரும்பி வந்துச்சா?"

"இல்ல."

"பதிலு?"

"அதுவும் இல்ல."

"திரும்பி வரலைன்னா அங்க யாரோ கையில வாங்கியிருக்காங்கன்னு அர்த்தம்."

தபால் தொலைந்துபோவதும் உண்டு என்று அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. பிழை கண்டுபிடித்தே பழகிய நாக்கு. அடக்கிக்கொண்டார். ஒருநாள் அலுவலகத்திலிருந்து மாடி ஏறும்போது, தன் அறை வாசலில் யாரோ நிற்பதுபோலத் தோன்றிப் படிகளைத் தாண்டித் தாண்டி ஏறியதையும், அங்கே பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருந்ததையும் அவளிடம் சொன்னார். வேறு யாரிடமும் அதைச் சொல்லியிருக்கமாட்டார்.

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு மொத வருஷம் முழுக்க அப்படித்தான்," என்றாள். "வண்டி நின்னு ஆள் எறங்கினாப் போதும். எல்லாரும் அவர் மாதிரியே நடப்பாங்க."

பிறகு எழுந்து உள்ளே போனாள். பலகையில் தேடி, செங்கல் கனத்துக்கு ஒரு நாவலை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒரு ஆளின் கதை, எழுநூறு பக்கம், முதல் நூறு பக்கத்துக்குக் கரையே தெரியாது என்றாள்.

"இந்தக் கோடைக்கு இது ஒண்ணு போதும் சார். வேகமாப் படிக்காதீங்க."

அவர் முதல் பக்கத்தைத் திறந்தார். உள்ளே தொலைபேசி மணி அடித்தது. அவள் கேட்டை இறக்கப் போனாள்.